வாசலைப் பார்த்த நாற்காலி

எங்கள் சித்தப்பாவின் பிரவுசிங் சென்டரை மூடிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால், "என்ன பிரவுசிங், சௌக்கியமா?" என்றுதான் கேட்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

துணிக்கடைக்கு மேல் மாடியில், ரயில் பெட்டி மாதிரி நீளமான ஓர் அறை. பலகை தடுத்த கேபின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலத் திரை. ஏசி முதல் கேபினை மட்டும் குளிரவைக்கும். கடைசி கேபினில் உட்கார்ந்தவர் வேர்த்து விறுவிறுத்துத்தான் வெளியே வருவார். இணைப்பு கிடைக்கும்வரை மோடம் கரகரவென்று கத்தும். கிடைத்ததும் எல்லாக் கேபினிலும் ஒரு பெருமூச்சு கேட்கும். சூடான கம்ப்யூட்டரும் பழைய கார்ப்பெட்டும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்காவது வந்தால் நான் நின்றுவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் ஓடுவேன். வீட்டில் அப்பாவின் அதட்டல் நாலு தெருவுக்குக் கேட்கும். அங்கே யாரும் யாரையும் அதட்டியதில்லை.

சித்தப்பாவிடம் ஒரு வினோதம் உண்டு. மற்ற சென்டர்காரர்கள் எல்லாத் திரையும் கண்ணில் படுகிற மாதிரி மூலையில் உட்கார்ந்து நோட்டம் விடுவார்கள். இவர் நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு, கேபின்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படியேறி வருகிறவர்களை மட்டும் ஏற இறங்கப் பார்ப்பார். சந்தேகமான ஆளென்றால் "கரன்ட் இல்ல, அப்புறம் வாங்க" என்பார், தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

"பின்னாடி என்ன நடக்குதுன்னு பார்க்க வேண்டாமா?" என்று துணிக்கடைக்காரர் கேட்டதற்கு, "உள்ள விட்டாச்சுன்னா அவங்க நம்ம ஆளு. அப்புறம் என்ன பார்வை?" என்றார்.

வெளிநாட்டில் இருக்கிற புருஷனோடு பேசிவிட்டு யாராவது கேபினில் விசும்பினால், மேசைமேல் இருந்த ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார். அவ்வளவுதான்.

எல்லார் கையிலும் போன் வந்தது. சித்தப்பா ஈயோட்ட ஆரம்பித்தார். கடைசியில் மூடிவிட்டு, ரேடியோவையும் கடைசி கேபின் கம்ப்யூட்டரையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். ரேடியோ எங்கள் சமையலறைக்கு வந்தது. கம்ப்யூட்டர் மாடியில் அவர் பங்கில், பீரோ மேல் ஏறியது. "என் தலையில போர்த்த ஒரு துண்டு கிடையாது, அதுக்குப் போர்வை வேற" என்று சித்தி இடிப்பாள். சென்டரை மூடிய அன்று எங்கள் அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் கீழும் மேலுமாக இருந்தும் தம்பியிடம் வேலை இருந்தால்தான் பேசுவார், அதுவும் படிக்குக் கீழே நின்று கத்துவார். மாடி ஏறியதே இல்லை. ஏன் என்று கேட்டால் முழங்கால் வலி என்பார். முழங்கால் பாவம், என்ன செய்யும்?

இனி என் கதை. கல்யாணம் சரிப்படாமல் நான் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். ஆய்வகத்தில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கிற வேலை எனக்குத் தெரியும். வெளியூரில் ஒரு வேலை கிடைத்தது. அப்பா எனக்குத் தெரியாமல் அந்த ஆபீசுக்குப் போன் போட்டு, "பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, வர மாட்டா" என்று சொல்லி என் பிழைப்பில் மண்ணைப் போட்டார். கேட்டால், "பட்டதெல்லாம் போதும், என் கண் முன்னாடி இரு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதன் பிறகு கமுக்கமாக, லேப்டாப்பில், தூரத்து மருத்துவமனை ஒன்றுக்கு விண்ணப்பித்துப் பேசிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவருக்குத் தெரிந்தால் இதுவும் போச்சு.

அந்தச் சமயத்தில்தான் வாசல் கேமரா தானாகத் திரும்பியது. திருட்டுப் பயத்தில் அப்பா வாங்கி மாட்டிய மலிவுச் சரக்கு. ஒரு மத்தியானம், கூடத்தில் அம்மா தலை உலர்த்திக்கொண்டிருந்தபோது அது மெதுவாகக் கழுத்தைத் திருப்பி உள்ளே பார்த்தது. எவனோ எங்கிருந்தோ இணையம் வழியாகத் திருப்பியிருக்கிறான். அம்மா வெலவெலத்துப்போனாள். அப்பா படிக்குக் கீழே நின்று, "டேய், இதுக்கு ஏதாவது பண்ணு. காசு செலவாகக் கூடாது" என்று கத்தினார்.

"ஃபயர்வால் போட்டா போதும்ணே. வீட்டு நெட்டுக்கு ஒரு வாசக்கதவு மாதிரி. இலவசமாவே கிடைக்குது" என்று சித்தப்பா இறங்கி வந்தார். அன்று அவர் முகத்தில் பழைய சென்டர்க் களை.

போர்வையை உருவி, கடைசி கேபின் கம்ப்யூட்டரைக் கூடத்தில் வைத்து, இரண்டாவது நெட்வொர்க் கார்டு செருகினார். சுவரிலிருந்து வருகிற இணைப்பு ஒரு பக்கம் நுழையும், வீட்டுக்குப் போவது மறு பக்கம் வெளியேறும். நடுவில் இது காவல். முதலில் போட்ட மென்பொருளுக்கு எங்கள் கிழட்டு மெஷின் ஆகவில்லை. பாதியிலேயே நின்று முறைத்தது. அடுத்தது, இலவசம் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் அடுத்த மாதத்திலிருந்து சந்தா என்றது. "நல்லா இருக்குடா உங்க இலவசம்" என்று சித்தப்பா அதைத் துடைத்துப் போட்டார்.

மூன்றாவது ஜம்மென்று உட்கார்ந்தது. கேமராவுக்கு வெளியிலிருந்து வருகிற வழியை மூடிவிட்டு அவர் ஏதோ ஒரு பொத்தானைத் தட்ட, திரை முழுக்கக் கலர் கலராகக் கோடுகள். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு போனும், ஒவ்வொரு லேப்டாப்பும், அது எந்தத் தளத்துக்குப் போனது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு பட்டியல். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "இதான் வேணும். என் கண்ணாடி எங்க?" என்று எழுந்து உள்ளே போனார்.

அறையில் திறந்தபடியே கிடந்த என் லேப்டாப்பின் பெயருக்கு நேரே, முதல் வரியில், அந்த மருத்துவமனையின் பெயர். சித்தப்பாவைப் பார்த்தேன். பட்டியல் வந்த உடனேயே அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்படியே கையைப் பின்னால் நீட்டி, துழாவி, பிளக்கைப் பிடுங்கினார்.

கண்ணாடியோடு அப்பா வந்தார். "என்னடா இருட்டா இருக்கு?"

"இது வேண்டாம்ணே. வேற போடறேன்."

"ஏன்? வீட்டுல யார் என்ன பார்க்கறாங்கன்னு தெரிய வேண்டாமா?" கேள்வி அவருக்கு, பார்வை எனக்கு. "மறைக்க ஒண்ணும் இல்லன்னா எதுக்குப் பயம்?"

"வெளிய இருந்து வர்றவனத் தடுக்கத்தான் இதைப் போடறோம். நம்ம ஆளுங்களை வேவு பார்க்க இல்ல."

"வீட்டுக்குப் பெரியவன் நான்டா."

சித்தப்பா கம்ப்யூட்டரின் தலையைத் தடவினார். "இது கடைசி கேபின் மெஷின். முன்னாடி கேபின் காலியா இருந்தாலும் நீங்க இதுக்குத்தான் வருவீங்க. எத்தனையோ சாயங்காலம், அந்தப் புழுக்கத்துல. என்ன பார்த்தீங்கன்னு நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்ல. நம்ம அப்பா கேட்டார், அண்ணி கேட்டாங்க, தெரியாதுன்னு சொன்னேன். நிஜமாவே தெரியாதுண்ணே. இப்பவும் கேட்க மாட்டேன்."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "நீ பார்க்கவே இல்லையா?" என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு சன்னமாக வந்து நான் கேட்டதில்லை.

"இல்லண்ணே."

"உன் இஷ்டம் போல போடு" என்று அறைக்குள் போய்விட்டார்.

சித்தப்பா நாலாவதாக ஒன்றைப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, கோடு இல்லை, கலர் இல்லை. அழைக்காமல் வெளியிலிருந்து வருகிறவனை உள்ளே விடாது. வீட்டில் இருக்கிறவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதி வைக்காது. கேமரா அதன் பிறகு கழுத்தைத் திருப்பவில்லை.

மருத்துவமனையிலிருந்து வேலை உத்தரவு வந்தது. சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் அந்த மனுஷன் எனக்காகத் திரும்பி உட்கார்ந்த பிறகு திருட்டுத்தனமாகப் போக மனசு வரவில்லை. காலையில் அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"எனக்கு வேலை கிடைச்சிருக்குப்பா. தூரம். போகப் போறேன். தயவு செஞ்சு யாருக்கும் போன் பண்ணாதீங்க."

கத்துவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கடைசி கேபின்ல நானும் வேலைதான் தேடினேன்" என்றார். "கப்பல் கம்பெனி. நீ சின்னப் பொண்ணு. வேலை கிடைச்சுது. உங்க தாத்தா அவங்களுக்குப் போன் பண்ணி, பையனுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டார்."

நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"சித்தப்பன்தான் பார்த்துட்டுப் போட்டுக் கொடுத்தான்னு நெனச்சேன். இத்தனை வருஷமா. அந்தக் கம்பெனிக்காரனே வீட்டுக்குப் போன் பண்ணியிருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

எழுந்தார். படிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றார். வழக்கம் போல் அங்கிருந்தே கூப்பிடுவார் என்று நினைத்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். மேலே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம், "வாங்கண்ணே, உட்காருங்க" என்று சித்தப்பாவின் குரல். கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆண் விசும்பும் சத்தம் கேட்டது. நான் சமையலறைக்குப் போய் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.