நின்று பார்க்கும் திரை

ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் கிடங்கில், நடந்துகொண்டே கையிலுள்ள ஸ்கேனர் கருவியின் திரையைப் பார்க்கக் கூடாது. பெட்டியின் எண்ணைச் சரிபார்ப்பதானாலும், அடுத்த அலமாரியைத் தேடுவதானாலும், தரையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கட்டத்துக்குள் நின்றுதான் பார்க்க வேண்டும். மணிக்கட்டு வலிக்காமலிருக்கக் கருவியைக் கை மாற்றிப் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கொரு முறை திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும். வேலை நேரத்தில் வேடிக்கை பார்ப்பதற்கு விதி போட்டிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் போனில் சொன்னால், "அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறானா?" என்கிறார்.

முதல் வாரம் எனக்கு இதெல்லாம் தெரியாது. எங்கள் மேற்பார்வையாளர் ஊவே ஆறடி உயரம், சிரிக்காத முகம். தலை குனிந்தபடி வேகமாகப் போய்க்கொண்டிருந்த என்னை நிறுத்தினார். கருவியை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "வைட் வெக்! வைட் வெக்!" என்றார். ஜெர்மன் வகுப்பில் 'வெக்' என்றால் போய்விடு என்று படித்திருந்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் வாசலும் இருந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பாதுகாப்பு ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அழுதபடி வெளியேறினேன். கார்கள் நிற்கும் இடம் வரை பின்னால் ஓடிவந்தார் ஊவே. மூச்சிரைக்கத் தன் கண்களைத் தொட்டுக் காட்டி, ஆற்றின் அக்கரையில் தெரிந்த கிரேன்களைக் காட்டினார். 'வைட் வெக்' என்றால் வெகு தூரம். தூரத்தைப் பார், கண்ணுக்கு ஓய்வு கொடு என்றுதான் மனுஷன் சொல்லியிருக்கிறார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஜெர்மனிக்கு வருவதற்கு முன் சென்னையில், காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான்கு வருஷம் இருந்தவள் நான். அங்கே நடப்பதும் திரையைப் படிப்பதும் ஒரே வேலை. ஒரு மதியம் எண்களைத் தட்டிக்கொண்டே, பின்னோக்கி வந்த டிரெய்லருக்குக் குறுக்கே போய்விட்டேன். கூட வேலை செய்த ரீட்டா கையைப் பிடித்து இழுத்ததில் இருவரும் மண்ணில் விழுந்தோம்.

"கண்ணு இன்னா அந்த டப்பாக்குள்ளயே கீதா? செத்துருப்ப மே!" என்று கத்தினாள். எழுந்ததும் நான் முதலில் பார்த்தது திரை உடைந்துவிட்டதா என்பதைத்தான். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இந்த முறை விடுப்பில் ஊருக்கு வந்தபோது அதே ரீட்டாவோடு வண்ணாரப்பேட்டைக்குப் புடவை எடுக்கப் போனேன். நெரிசலில் என் போன் அடித்தது. கால்கள் தாமாக நின்றுவிட்டன. தோளில் ஜவுளி மூட்டையோடு வந்த பெரியவர் என் முதுகில் மோதிக்கொண்டார்.

"இன்னாம்மா, நட்ட நடு ரோட்ல செல மாரி நின்னுகினுகீற?"

"என்ட்ஷுல்டிகுங்" என்று என் வாய் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டது.

அவர் ரீட்டாவைப் பார்த்தார். "ஊருக்குப் புதுசா?"

"அய்ய, திருவொத்தியூர்ல பொறந்தவ நைனா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள் அவள்.

பெரியவர் நம்பவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு போனார். கூட்டமும் என் இரண்டு பக்கமும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. ரீட்டா ஒரு கையைப் பிடித்து இழுக்க, இன்னொரு கையில் போன் அடித்துக்கொண்டிருக்க, பிறந்த ஊரின் நடுத்தெருவில் நான் அசையாமல் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.