கை எரிகிற குளிர்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சர்பத் கடைக்காரர் ஐஸ் பாரின் மேல் கிடந்த சாக்கை விலக்கியதும் ஈர உமியின் வாசனை வந்தது. கடலூர் துறைமுகத்தில் அப்பா மிஷின் ஓட்டிய, இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட ஐஸ் கம்பெனிக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ராப்பகலாக அதிரும் கம்ப்ரஸரை ரேடியோ நாடகம் கேட்பதற்காக மட்டும் அப்பா கொஞ்ச நேரம் நிறுத்துவார். ஒருநாள், துருவத்துக்குப் போய்த் திரும்ப முடியாமல் பனியில் மாட்டிக்கொண்டவர்களின் கதை. சாப்பாட்டுத் தூக்கோடு போன நானும் உட்கார்ந்துவிட்டேன். ரேடியோவுக்குள் பனிக்காற்று வீச, எங்கள் ஐஸ் பார்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பல்லு மட்டும் தந்தியடிக்குது. கை எரியுதுன்னு ஒருத்தன் சொல்றானா பாரு. இவுங்க ஐஸத் தொட்டதே இல்ல" என்று, பார்களைத் தோளில் சுமக்கும் ஆரோக்கியம் மாமா சிரித்துக்கொண்டே இருந்தார்.

நாடகத்தின் கடைசியில், கூட வந்தவர்கள் எல்லாரும் மூச்சடங்கிவிட்ட கூடாரத்தில் மிஞ்சிய ஒருவன் மனைவிக்குக் கடிதம் எழுதப் பார்த்து, முடியாமல், "கை எரியுது" என்றான். பிறகு காற்று மட்டும்.

மாமா தன் வெளிறி வெடித்த உள்ளங்கைகளை அக்குளில் செருகிக்கொண்டார். வெளியே படகுக்காரர்கள் ஐஸுக்குக் கத்தினார்கள். அப்பா வெகுநேரம் கம்ப்ரஸரைப் போடவில்லை.

கடைக்காரரிடம் ஒரு துண்டு ஐஸ் கேட்டேன்.

"சர்பத்துல போடணுமாம்மா?"

வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, துண்டை உள்ளங்கையில் வாங்கி விரல்களை மூடிக்கொண்டேன். எரிய ஆரம்பித்தது. நான் போகவேண்டிய காட்டுமன்னார்கோயில் பஸ் கிளம்பிப் போனது. கையைத் திறக்கவில்லை.