கலஹா ஏற்றத்துக்கு ஒரு கியர்

பழைய ரேஸ் சைக்கிளுக்குப் புதுக் கியர் போடும் தொழிலில், ஒரே ஒரு சாமானை மாற்றிவிட்டுத் தப்பித்தவர் யாரும் கிடையாது. வீட்டில் அப்படியொரு சைக்கிளைச் சாய்த்து வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள். எங்கள் கடை பேராதனையில், கலஹா ரோடு பிரிகிற இடத்துக்குக் கிட்ட. நானும் நிசார் நானாவும் கூட்டு. பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலத்தில்தான் எங்களுக்கு யோகம் அடித்தது.

கேட்டது ஒன்று

பரமேஸ்வரி டீச்சர் தன் வீட்டுக்காரரின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கலஹாப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் இல்லை, பஸ்ஸை நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் நேரம் முடிந்ததும் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார்கள். பிந்தி வந்தவர்கள் அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட வேண்டும். டீச்சர் நான்கு தடவை கீழே போட்டாயிற்று. இன்னொரு தடவை பிந்தினால், முதல் பாடமாக இருக்கிற, சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகும் வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று பிரின்சிபல் சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து அவர் கைபிடித்துக் கூட்டி வந்த பிள்ளைகள் அவர்கள். சொல்லும்போதே டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

அந்தச் சைக்கிளில் கியர் மாற்றும் லீவர்கள் சட்டத்தின் சாய்ந்த குழாயில் இருந்தன. ஏற்றத்தில், வளைவில், எதிரே பஸ் வரும்போது ஒரு கையை விட்டுக் குனிய வேண்டும். பிரேக்கோடு சேர்ந்த லீவர் ஹேண்டிலில் வேண்டும், மலை ஏறப் பின்சக்கரத்தில் பெரிய பல்லும் வேண்டும் என்றார். நான் விளக்கினேன்: அந்த லீவர் போட்டால் பின்சக்கரத்தில் கூடுதல் பல் வேண்டும், அதற்கு அகலமான பின்சில்லு வேண்டும், பெரிய பல்லுக்கு நீளமான செயின், அந்தச் செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிவிட வேறு கியர்க் கை... டீச்சர் இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, நான் கேட்டது கியரு. நீங்க என் சைக்கிளுக்குள்ள இன்னொரு சைக்கிளப் பூட்டப் பாக்குறீங்க."

நாலு மில்லிமீட்டர்

புதுச் சில்லின் அச்சு பழைய சட்டத்தின் பின்கவையை விட நாலு மில்லிமீட்டர் அகலம். இரும்புச் சட்டம் என்பதால் மெல்ல விரிக்கலாம். நிசார் நானா மரை போட்ட நீளக் கம்பியைப் பின்பக்கக் கவைக்குள் வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். நான் நூல் கட்டி இரண்டு பக்கமும் சமமாக விரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்து சேர்ந்தார். தன்னைப் பொண்ணு பார்க்க வீட்டுக்காரர் ஏறி வந்த சைக்கிள் கடைநடுவில் காலை அகட்டிக் கிடப்பதைக் கண்டதும், "ஐயோ!" என்று கத்திவிட்டார். நானா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இரும்புக்குப் பயமில்ல டீச்சர், ஒங்களுக்குத்தான் பயம் ஈக்கி. அங்கிட்டுப் போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்கோ."

ஸ்டாண்டில் சூரன்

ஸ்டாண்டில் தொங்கவிட்டு மிதித்துப் பார்த்தேன். கியர் டிக் டிக்கென்று வெண்ணெயாக விழுந்தது. சமதரையில், பேராதனைப் பூந்தோட்ட வாசல் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சைக்கிளைப் பெருமையோடு கையில் கொடுத்தேன்.

மறுநாள் டீச்சர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்திருக்கிறார். செயின் தாவிவிட்டது. விழுந்து, முழங்கால் தேய்ந்து, மீதித் தூரத்தைத் தள்ளிக்கொண்டே போய், கோட்டுக்குக் கீழே கையெழுத்து. இரத்தத்தைப் பார்த்துவிட்டு பிரின்சிபல் திங்கட்கிழமை வரை தவணை கொடுத்தாராம். தப்பு முழுக்க என்னுடையது. சாமான் பட்டியலைச் சுருக்க நினைத்து, முன்பக்கத்தில் தேய்ந்துபோன இருபது வருடப் பல்சில்லை அப்படியே விட்டுப் புதுச் செயினை மாட்டியிருந்தேன். சமதரையில் அது சாதுவாகத்தான் இருக்கும், பாரம் ஏறினால்தான் குணம் காட்டும். தொழில் பழகுகிற பையனுக்கே தெரிந்த பாடம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டீச்சர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"பூந்தோட்டம் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன்னீங்களே அண்ணே, என் பள்ளிக்கூடம் என்ன பூந்தோட்டத்துக்குள்ளயா இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை

முன்பல்லை மாற்றினேன். இந்தத் தடவை நானே கலஹா ரோட்டில் ஏறினேன். செங்குத்தான வளைவு ஒவ்வொன்றிலும் எழுந்து நின்று, என் தொந்தியின் முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தேன். செயின் ஒரு பல்கூடத் தாவவில்லை. பள்ளிக்கூடக் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு இறைத்தது, ஆனால் மனது நிறைந்திருந்தது. நானா சைக்கிளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சைக்கிள் ஓகே மச்சான். இனி ஒன்னத்தான் ஸ்டாண்டுல தொங்கவிட்டுப் பாக்கோணும்."

திங்கட்கிழமை

அன்று காலை முழுக்க எனக்கு வேலையில் கை ஓடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் வந்தார். இறங்கியவர் சிரித்துக்கொண்டே இருந்தார். விஷயத்தை வாங்குவதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. இருபது நிமிடம் முந்திப் போய் மேலே இரண்டாவது கையெழுத்துப் போட்டிருக்கிறார். நேரமானதும் வைஸ் பிரின்சிபல் சிவப்புக் கோட்டை இழுத்தார். அப்போதும் பிரின்சிபலைக் காணவில்லை, காரில் பெட்ரோல் இல்லை. மூச்சு வாங்க நடந்து வந்தவர், பேனாவைத் திறந்து, கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்று, கடைசியில் அதற்குக் கீழேயே கையெழுத்தைப் போட்டாராம்.

"வகுப்ப மாத்துற கதைய அவரு எடுக்கவே இல்லண்ணே. 'வீட்டுல ஒரு பழைய சைக்கிள் கெடக்கு டீச்சர், ஒங்க கியர்காரரு எப்படி?'ன்னு கேட்டாரு. 'நல்லவருதான் சேர், ஆனா மலையில ஓட்டிக் காட்டுனாத்தான் சைக்கிளக் கையில வாங்கணும்'னு சொல்லிட்டு வந்தேன்."

ஆக, எங்கள் தொழிலில் ஒருவரைச் சந்தோஷமாக அனுப்பிவைத்தால் கிடைக்கிற பரிசு, அடுத்த ஞாயிறும் மலை ஏறுவதுதான்.