நாற்றம் நின்ற குழி

எனக்குக் கை முந்தும், வாய் பிந்தும். எஸ்டேட் பள்ளியிலேயே அதற்காகப் பிரம்படி வாங்கியவன். ஆனால் அக்காவின் கணவர்மேல் கைவைப்பேன் என்று யாராவது அன்று காலை சொல்லியிருந்தால், சொன்னவன் பல்லைத்தான் முதலில் உடைத்திருப்பேன்.

மலேசியாவில் கோலா கங்சார் பக்கம், ரப்பர்ப் பால் மரங்களை வெட்டித் தள்ளிய பழைய எஸ்டேட் நிலத்தில் எங்கள் தொழிற்சாலை இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் உழைத்து ஓய்ந்த வினையூக்கிகளை தோங்கு என்று நாங்கள் சொல்லும் இரும்புப் பீப்பாய்களில் அடைத்து இங்கே அனுப்புவார்கள். பார்க்க ஆட்டுப் புழுக்கை மாதிரி கறுப்பு உருண்டைகள். அவற்றை உலையில் வறுத்து, கரைத்து, வெனடியம், மாலிப்டினம், நிக்கல் என்று பிரித்தெடுப்போம். மச்சானும் நானும் அங்கேதான் வேலை பார்த்தோம். தன் தம்பியையும் மேலாளரிடம் கெஞ்சி மச்சானே கூட்டிவந்து சேர்த்துவிட்டார்.

தொழிற்சாலையின் பின்புறம் கழிவுத் தண்ணீர்க் குழி ஒன்று உண்டு. அந்த உருண்டைகளில் கந்தகம் ஊறியிருக்கும். சேற்றோடு அமிலம் கலந்துவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும். நாற்றம் அடிக்கிறவரை ஓடிப் பிழைக்கலாம், திடீரென்று நின்றுபோனால் மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம், அடுத்தது நாம்தான் என்று பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். நான் கண்ணாலேயே பார்த்திருந்தேன். ஒருநாள் ஒரு நாய் அந்தக் குழிக்குள் இறங்கி விழுந்தது. அதைத் தேடி இன்னொரு நாய் இறங்கியது. இரண்டையும் கொக்கி போட்டுத்தான் இழுத்தோம்.

குழியில் பம்பு அடைத்துக்கொண்ட அன்று மச்சானின் தம்பி ஏணி வைத்து இறங்கினான். முகத்தில் கட்டியிருந்தது வெறும் துணி. பாதியில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நாத்தம் போயிருச்சுண்ணே, ஓக்கே லா" என்றான்.

ஏறுடா என்று நான் கத்தி முடிப்பதற்குள் சரிந்து, சேற்றில் குப்புற விழுந்தான்.

சத்தம் கேட்டு மச்சான் ஓடிவந்தார். சிலிண்டரோடு மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவி ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. சாவியை வைத்திருந்த பாவி ஈப்போவுக்குப் போயிருந்தான். அவனை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு வயிறு பற்றி எரியும். மற்றவர்கள் கொக்கிக் கம்பை நீட்டினார்கள். அது தம்பியின் சட்டையில் மாட்டி, அவன் கனம் தாங்காமல் கிழித்துக்கொண்டு வந்தது.

மச்சான் ஏணியில் கால் வைத்துவிட்டார். நான் பின்னாலிருந்து இழுத்தேன். முழங்கையால் என் மூக்கில் இடித்தார், ரத்தம் கொட்டியது. என் தம்பிடா, விடுடா நாயே என்று அழுதுகொண்டே திரும்பவும் ஏணியைப் பிடித்தார்.

மண்வெட்டியை எடுத்தேன். காம்பால் அவர் முழங்காலுக்குக் கீழே ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவர் குழியை நோக்கி ஊர்ந்தார். மேலே ஏறி உட்கார்ந்து, தலையைத் தரையோடு அழுத்தி, கன்னத்திலும் தாடையிலும் கை ஓயும்வரை குத்தினேன். நீங்க, வாங்க என்று மட்டுமே அவரிடம் பேசிய வாயில் உலகத்துக் கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. அவர் என் கையைக் கடித்தார். தழும்பு இன்னும் இருக்கிறது.

பொம்பா வண்டி வந்தபிறகு தீயணைப்புக்காரர்கள் சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கி, தம்பியைத் தூக்கினார்கள். உயிர் இல்லை.

ஈப்போவில் அக்கா வீட்டு அடுக்குமாடிக்குக் கீழே கூடாரம் போட்டுத் தம்பியின் பெட்டியை வைத்திருந்தார்கள். மாவுக்கட்டோடு நாற்காலியில் இருந்த மச்சான், என்னைக் கண்டதும் எழுந்து நொண்டிக்கொண்டே வந்தார். ஊன்றுகோலால் தோளில், முதுகில், தலையில் அடித்தார்.

"என்னை விட்டிருந்தா அவன் இருந்திருப்பான்டா. கொன்னுட்டியேடா."

யாரும் தடுக்கவில்லை. என் நெற்றி கிழிந்தது. அடி வாங்கிக்கொண்டு கையைக் கட்டி நான் நின்றது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

அடித்து அடித்து மூச்சிரைத்து அவர் உட்கார்ந்ததும், அக்கா என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சேலைத் தலைப்பை நெற்றியில் அழுத்தினாள்.

"நீ சும்மா வாங்குற ஆளாடா? கையையாவது பிடிச்சிருக்கலாம்லா."

"அடிக்கட்டும்க்கா" என்றேன். "அடிக்க ஆளு இருக்காருல்ல."