மெமோ எழுத்தில் ஒரு நாடக நோட்டீஸ்

தேய்ந்த தட்டச்சு எழுத்துபோல வேண்டுமென்றே சிதைத்துச் செய்த எழுத்துருக்களை இப்போது கணினிக்கென்று விற்கிறார்கள். புத்தக அட்டை, சினிமா விளம்பரம் எல்லாவற்றிலும் அதுதான். எழுபதுகளிலேயே உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் நான் அதைச் செய்து பார்த்தவன். முன்னோடி என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் பின்தொடரவில்லை.

தோட்ட ஆபீஸில் குமாஸ்தா. ஓய்வு நேரத்தில் நாடகாசிரியன். முதல் இரண்டு நாடகங்களிலும் நடித்தவர்களைவிடப் பார்த்தவர்கள் குறைவு. மூன்றாவதற்கும் கூட்டம் சேராவிட்டால் தோட்டத்து மன்றத்தைக் கேரம் விளையாட விட்டுவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

நாடகம் ஓர் ஆபீஸைப் பற்றியது. நகைச்சுவை என்பது என் அபிப்பிராயம். நோட்டீஸும் ஆபீஸ் தோரணையில் இருக்கட்டுமென்று எங்கள் தமிழ் டைப்ரைட்டரிலேயே அடித்தேன். அதில் ‘ற’வுக்கு வால் கிடையாது; ‘ண’வின் வயிறு மையால் அடைத்திருக்கும். முறைப்படி இண்டெண்ட் எழுதிக் கேட்டு வாங்கிய புது ரிப்பனைக் கழற்றிவிட்டு நைந்த பழையதை மாட்டினேன். ‘ஞாயிறு மாலை மூன்று மணிக்கு மன்றத்தில் தவறாமல் ஆஜராக வேண்டியது’ என்று வாசகம். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போடி அச்சகக்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“புது டைப் வந்திருக்கு சார், முத்து முத்தா விழும். இதப் போயி பெருசாக்கி பிளாக் எடுக்கச் சொல்றீங்க?”

“அழகே இதுதான்.”

“சரி, நோட்டீஸ் ஒங்களது.”

காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் நானே ஒட்டினேன். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் குற்றச்சாட்டு மெமோக்களையும் அதே மெஷினில் நான்தான் அடிக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மன்றம் நிறைந்துவிட்டது. மேனேஜருக்கே ஆச்சரியம். ஆனால் பியூனாக நடித்தவர் ஸ்டூலிலிருந்து விழுந்தபோதுகூட ஒருவரும் சிரிக்கவில்லை. கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். திரை விழுந்ததும் ஏலக்காய் எடுக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“ஐயா, எல்லாரும் ஆஜர். எங்க மேல என்ன குத்தம்னு இன்னும் சொல்லலியே?”

“குற்றமெல்லாம் இல்லம்மா. இது நாடகம்.”

“நாடகம்னா கலர் தாள்ல கொட்டை எழுத்துல வரும். இது மெமோ எழுத்துல்லா. எனக்குப் படிக்கத் தெரியாது, இந்த அழுக்கெழுத்து தெரியும். எம் புருசன் வேலை இதுலதான் போச்சு.”

பின்வரிசையிலிருந்து ஒருவன், “சும்மா இரு மயினி. ஐயாவே குத்தத்த மறந்துட்டாரு, ஞாபகப்படுத்தாத” என்றான். அன்றைய முதல் சிரிப்பு அதுதான். நான் எழுதியதல்ல.

அவள் மட்டும் உட்காரவில்லை. “அப்ப வந்ததுக்கு ஒரு எழுத்துத் தந்திருங்க. பெறகு வரலைன்னு சொல்லிருவீய.”

விதிப்படி அவள் கேட்டது சரி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். மறுநாள் காலையில் புது ரிப்பனைத் திரும்ப மாட்டி அடித்துக் கொடுத்தேன்: ‘மேற்படியார் ஆஜராகி நாடகம் முழுவதையும் பார்த்தார். மேல்நடவடிக்கை இல்லை.’

வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். “இது செல்லாதுய்யா. எழுத்து பளிச்சுன்னு இருக்கு.”

கேரம் பலகை வரவில்லை, மன்றம் பிழைத்தது. நான் புது ரிப்பனைக் கழற்றிப் பழையதை மாட்டினேன்.