நூற்றுக்கு முப்பத்தேழு வாங்கிய சூசை

இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில், 1941ஆம் ஆண்டு, ஒரு நோட்டு இருந்தது. அதில் சூசை என்ற பெயருக்கு எதிரே நூற்றுக்கு முப்பத்தேழு என்று எழுதியிருந்தது. அந்த எண் பொய்யில்லை. ஒன்று விடாமல் எண்ணி, வகுத்து, சிவப்பு மையால் அடிக்கோடு போட்ட எண். ஆத்திரம் வருவதே அதனால்தான். பொய்க் கணக்கென்றால் கிழித்துப் போட்டுவிடலாம். சரியாகக் கூட்டிக் கழித்த அநியாயத்தை என்ன செய்வது?

சூசை கான்சாபுரத்துக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த உருப்படியான ஒரே விஷயம் கால்பந்து. ஞானஸ்நானம் அவருடைய பெயரை மாற்றியது. ஊர் அவரை வைத்திருந்த இடத்தை மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட அவருடைய ஆட்கள் உட்காருவதற்குத் தனி ஓரம் இருந்தது. அப்பா பண்ணையில் சாணி அள்ளினார். அதைச் செய்ய மனமில்லாமல் சூசை இருபது வயதில் மில் வாசலுக்கு வந்தார்.

வந்து ஆறு வருஷம் பதிலியாகவே இருந்தார். பதிலி என்றால், நிரந்தரத் தொழிலாளி வராத அன்று மட்டும் வேலை. தினமும் விடியும்முன் வாசலில் போய் நிற்க வேண்டும். வருகை எழுதும் டைம் ஆபீஸிலிருந்து பெயரைக் கூப்பிட்டால் உள்ளே; இல்லாவிட்டால் வீட்டுக்கு. அவர் மனைவி ஏசம்மாள் அதே மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் நிரந்தரமாக இருந்தாள். புருஷன் வாசலில் காத்து நிற்க, பெண்டாட்டி அவரைக் கடந்து உள்ளே போன நாள்கள் பல.

அந்த வருஷம் மானேஜர் ஓர் அறிவிப்புச் செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும் கோப்பைப் போட்டியில் மில் டீம் ஜெயித்தால், கடைசி ஆட்டத்தில் இறங்கும் பதினொரு பேரில் பதிலியாக இருப்பவர்கள் அத்தனை பேரையும் நிரந்தரமாக்குவார். சூசை டீமின் சென்டர் ஹாஃப். ஆட்டத்தின் நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவர். அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

டீமின் காரியதரிசி டைம் ஆபீஸ் குமாஸ்தா நமச்சிவாயம். படித்தவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று சொல்லுவார். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் எதை எண்ணுவது என்று அவர் யோசிக்கவில்லை. மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேமைப் பார்க்கிற தொழிலாளிக்கு சைடர் என்று பெயர்; அவனுக்கு நூல் அறுப்புப் புத்தகம் உண்டு. அவன் பிரேமில் எத்தனை இழை அறுந்தது என்று எழுதி, அதைக் கொண்டு அவன் தரத்தைச் சொல்வார்கள். நமச்சிவாயம் அதே மாதிரி ஒரு நோட்டில் கட்டம் போட்டார். ஆட்டக்காரன் அனுப்பிய பந்து தன் ஆளிடம் சேர்ந்தால் ஒரு கோடு. சேராவிட்டால் அறுப்பு, ஒரு சுழி. வாங்க வேண்டியவனுக்குக் கட்டமே இல்லை.

சூசை ஆள் நிற்கிற இடத்துக்குப் பந்தைத் தட்ட மாட்டார். ஆள் இல்லாத இடத்துக்குத் தட்டுவார். அந்த இடத்துக்கு நம் ஆள் ஓடிப்போய்ச் சேர்ந்தால் எதிரி பின்னால் நிற்பான். இடது ஓரத்தில் ஆடிய முத்து முகம்மது, பஜாரில் மூட்டை தூக்கிப் பழகிய கால்காரர், பந்து கிளம்பும் முன்பே ஓடுவார். வலது பக்கம் ஆடிய வேலாயுதமும் பதிலிதான், ஆனால் மேஸ்திரியின் மகன். அவன் ஓட மாட்டான். ஏன் என்று கேட்டதற்கு, எல்லாரும் கேட்கவே பதில் சொன்னான்.

"இவன் தட்டுற எடத்துக்கு நான் ஓடணுமாக்கும்? கான்சாபுரத்துல எங்க சித்தப்பா தொழுவுல சாணி அள்ளுனவன் மவன். இவன் கைகாட்டுவான், நான் ஓடுவேனா?"

இதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். நமச்சிவாயமும் கேட்டார். கேட்டுவிட்டு, வேலாயுதம் நின்ற இடத்திலேயே நிற்க, அவன் முன்னால் உருண்டு வெளியே போன பந்துக்குச் சூசையின் பெயரில் சுழி போட்டார். சாதித் திமிர் ஒரு சுழியானது, சுழி சதவீதமானது. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவனை நாம் கேலி செய்கிறோம். இந்த மனிதர் பென்சிலால் பூக்கட்டிப் பார்த்தார்.

கடைசி ஆட்டத்துக்கு முன் மூன்று ஆட்டம். மூன்றிலும் மில் டீம் ஜெயித்தது. மொத்தம் ஒன்பது கோல். அந்த மூன்றிலும் சூசை அனுப்பிய பந்து தொண்ணூற்றேழு, சேர்ந்தது முப்பத்தாறு. சேர்ந்த முப்பத்தாறில் இருபத்தேழு முத்து முகம்மதுவிடம். அந்த இருபத்தேழில் ஏழு கோல். இந்தப் பின்பாதியை நோட்டு சொல்லவில்லை. வேலாயுதம் பக்கத்தில் நிற்கிறவனுக்கு இரண்டு கஜ தூரம் தட்டி, நூற்றுக்கு எண்பத்தேழு வாங்கியிருந்தான். கடைசி ஆட்டத்தில் வேலாயுதம் சென்டர் ஹாஃப், சூசை டீமிலேயே இல்லை என்று நமச்சிவாயம் பலகையில் எழுதினார்.

சூசை டைம் ஆபீஸுக்குப் போய் நோட்டைக் காட்டச் சொன்னார். அதட்டி அனுப்பாமல் காட்டினார் குமாஸ்தா. தன் கணக்கில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"ஓட வேண்டியவன் ஓடலைன்னா, அது என் கணக்காய்யா?" என்று கேட்டார் சூசை.

"பிரேம்ல நூல் அறுந்தா சைடரைத்தானலே கேக்கோம். பஞ்சையா கேக்கோம்?"

"பஞ்சையும் கேக்கணும்யா. நீங்க கேக்கிறதில்ல."

"அப்போ நோட்டு பொய் சொல்லுதுங்கியா?"

"மூணு ஆட்டம் ஜெயிச்சோமே, அது இதுல எங்கய்யா இருக்கு?"

அது டீமின் கணக்கு, உன் பக்கத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லி நமச்சிவாயம் நோட்டை மூடிவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் அன்று கயிற்றுக்கு வெளியே நின்று சூசை ஆட்டம் பார்த்தார். கோல் கம்பத்தில் திருநீறு பூசி, தேங்காய் உடைத்துத்தான் மில் டீம் இறங்கியது. வேலாயுதம் அழகாக ஆடினான். பக்கத்தில் நின்றவனுக்குத் தட்டினான். அவன் திருப்பித் தட்டினான். இடது ஓரத்தில் முத்து முகம்மது கையை உயர்த்திக்கொண்டு வெற்றிடத்தைப் பார்த்து ஓடி, பந்து வராமலே திரும்பி வந்தார். பத்துத் தடவை ஓடியபின் அவரும் நின்றுவிட்டார். வேலாயுதம் அனுப்பியது அறுபத்து நான்கு, சேர்ந்தது ஐம்பத்தைந்து. உள்ளூர் டீம் நான்கு கோல் போட்டது. மில் டீமுக்கு ஒன்றுமில்லை.

கோப்பை போனால் நிரந்தரமும் போனது என்பதுதானே மானேஜரின் சொல்? மற்றப் பதிலிகளுக்குப் போனது. வேலாயுதத்துக்குப் போகவில்லை. நமச்சிவாயம் நோட்டை மானேஜரிடம் கொண்டுபோய், இவன் நூற்றுக்கு எண்பத்தாறு செய்திருக்கிறான், தோற்றது பின்வரிசையின் குற்றம் என்று விளக்கினார். மறுவாரம் வேலாயுதத்துக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. சூசை ஜெயித்தபோது ஜெயித்தது டீம், குறை அவருடையது. வேலாயுதம் தோற்றபோது தோற்றது டீம், நிறை அவனுடையது. ஒரே நோட்டு, ஒரே பென்சில்.

ஏசம்மாள் ஷிப்ட் விடும் நேரத்தில், ரீலிங் பெண்கள் சூழ, குமாஸ்தாவை வழிமறித்தாள்.

"ஓடாம நின்னவுகளுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தா, வேலாயுதம் பேருல எம்புட்டுச் சுழி வந்திருக்கும்யா?"

பொம்பளைக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும் என்றார் அவர்.

"பந்து தெரியாது. நீங்க இழை குட்டையான மட்டப் பஞ்சை வாங்கிப்போட்டு, அறுந்த நூலுக்கு எங்க பேரை எழுதுவியளே, அது நல்லாத் தெரியும்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் குமாஸ்தா சைக்கிளை எடுக்காமலே நடந்துபோனதாகச் சொல்கிறார்கள். அந்த மாதம் ஏசம்மாளின் பெயரில் அறுப்பு இரண்டு மடங்காக எழுதப்பட்டது.

அடுத்த வருஷம் போட்டி வந்தபோது நமச்சிவாயம் சூசையின் வீட்டுக்கே வந்தார். மானேஜர் கோப்பை வேண்டும் என்கிறார், நீ நடுவில் ஆடு என்றார். நிரந்தர ஆர்டர் முதலில் கைக்கு வரட்டும், பொறவு பந்தைத் தொடுகிறேன் என்றார் சூசை. குமாஸ்தா சங்கடப்பட்டார். அவர் கெட்ட மனிதரில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"மானேஜர் நோட்டைப் பாப்பாரேலே. முப்பத்தேழு வாங்குனவனுக்கு எதைக் காட்டி நான் சிபாரிசு பண்ணட்டும்?"

"அந்த முப்பத்தேழை வச்சுக்கிட்டு என்னை எதுக்குய்யா தேடி வந்திய?"

நமச்சிவாயம் எழுந்து போனார். மில் டீம் முதல் ஆட்டத்திலேயே தோற்றது.

மறுநாள் விடியும்முன் சூசை வழக்கம்போல் மில் வாசலில் நின்றார். அன்று ரிங் பிரேமில் ஆறு பேர் வரவில்லை. டைம் ஆபீஸிலிருந்து ஆறு பெயரைக் கூப்பிட்டார்கள்; சூசையின் பெயர் அதில் இல்லை. சூசையைவிட ஐந்து வருஷம் பிந்தி வந்தவனும் உள்ளே போனான். ஏசம்மாள் வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

"நீ போ, சங்கு ஊதிட்டான்" என்றார் சூசை.

அவள் போனாள். அவர் வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றார். அதற்கு மறுநாளும் வந்து நின்றார். நாற்பது நாள் அவர் பெயரைக் கூப்பிடவில்லை.