படையலில் வைத்த ஷூ

சென்னை லூப் ரோட்டு மீன் கடைகளில் கோவிந்தம்மாவிடம் பேரம் பேசி ஜெயித்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் பெரிய மனிதர்கள் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “இன்னா சார், பொண்ணா பாக்க வந்தே? புடிச்சா எடு, இல்லாங்காட்டி நவுரு” என்பாள். சொல்லிவிட்டு, இருப்பதில் நல்ல மீனாகவே எடுத்துப் போடுவாள். கெட்ட மீனை ஒருநாளும் யார் தலையிலும் கட்டியதில்லை என்று அந்த வரிசையில் அவளோடு தினமும் சண்டை போடுகிறவர்களே சொல்வார்கள்.

மகன் பிரசாத்துக்குப் பதினேழு வயதில் பேட்மிண்டன் ஷூ வாங்க தி.நகருக்குப் போனாள். பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில் வைரவனின் விளையாட்டுச் சாமான் கடை. சிவகங்கைப் பக்கத்து மனிதர். வந்தவுடனே விலையைச் சொல்லாமல் காலைப் பார்த்தார்.

“சாயங்காலமா வந்துருக்கீக, நல்லதாப் போச்சு. காலையில கால் சின்னதா இருக்கும். நாள் பூரா நடந்து வீங்கின காலுக்குத்தான் ஷூ எடுக்கணும்.”

கோவிந்தம்மா கண்ணாடி அலமாரியில் தடித்த அடியோடு இருந்த ஒன்றைக் காட்டினாள். “இத்த எடு நைனா, மெத்துமெத்துனு கீது.”

“அது ஓடுறவுகளுக்கு. நேரா ஓடுற காலுக்கு அது சரி. பேட்மிண்டன்ல பக்கவாட்டுல தாவணும், சட்டுனு திரும்பணும். அடி உசரமா இருந்தா கணுக்கால் மடங்கிரும். தட்டையா இருக்கணும், தரையைக் கவ்வணும், கோர்ட்டுல கறுப்புக் கோடும் விழக் கூடாது.”

“சரி, ஒரு சைஸு பெருசா குடு. வளர்ற புள்ள.”

“கால் உள்ளுக்குள்ள வழுக்கி விழுறதுக்கா? பெருவிரலுக்கு முன்னாடி கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தாப் போதும்.”

அவள் விடுவாளா? ஷூவை வாங்கி வளைத்தாள், அமுக்கினாள், மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள். “கொழம்பு வைக்கவா போறீக தாயி?” என்றார் வைரவன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பிரசாத்துக்கு மானம் போயிற்று, ஆனால் அவனும் சிரித்தான். வெள்ளையில் நீலக் கோடு போட்ட ஷூ அது. வீட்டில் கட்டில் மேலேயே நின்று போட்டுப் பார்த்தான், தரையில் கால் வைக்கவில்லை. டோர்னமெண்டுக்குத்தான் போடுவேன் என்று கழற்றிப் பெட்டியில் வைத்தான்.

டோர்னமெண்டுக்கு முந்தின வாரம் கலங்கரை விளக்கத்துப் பக்கம் தண்ணீர் லாரி ஒன்று அவன் பைக்கை அடித்துப் போட்டது. பாவி லாரி நிற்கக்கூட இல்லை. பிள்ளை அங்கேயே போய்விட்டான்.

வருஷா வருஷம் அவன் இறந்த நாளில் வீட்டில் படையல் போடுவார்கள். அவனுக்குப் பிடித்த வஞ்சிரம் வறுவல், முட்டை, பிரியாணி எல்லாம் இலையில் வைத்து, புதுச் சட்டையும் பேண்ட்டும் வைப்பார்கள். படையலில் வைத்த புதுத்துணியை அப்புறம் வீட்டில் ஒருத்தர் உடுத்திக்கொள்வது அவர்கள் வழக்கம். செத்தவரே உடுத்தின மாதிரி மனசு ஆறும். துணியைச் சித்தப்பன் உடுத்தினான். ஷூவும் ஒவ்வொரு வருஷமும் இலைக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் அதை மட்டும் யாரும் தொடக் கோவிந்தம்மா விடவில்லை. படையல் முடிந்ததும் துடைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கி முடிச்சுப் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுவாள். இப்படி ஆறு வருஷம். மீன் கெட்டால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும், ஷூ கெட்டுப்போகும் என்று யார் கண்டார்கள்? வெளியே பார்க்க அது வாங்கின அன்று இருந்த மாதிரியே இருந்தது.

அண்ணன் போன பிறகு அவன் ராக்கெட்டை எடுத்தவள் தங்கை தீபிகா. அவனுடைய கோச் பாலகணேஷ் அதற்குப் புது நரம்பு கட்டிக் கொடுத்து அவளைச் சேர்த்துக்கொண்டார். பெண் நெடுநெடுவென்று வளர்ந்தாள். ஆட்டமும் வளர்ந்தது. பிளஸ் டூவில் மார்க் சுமார்தான். ஆனால் நகரத்துக் கல்லூரி ஒன்றில் விளையாட்டுப் பிரிவில் ஒரே ஒரு இடம் இருந்தது. அதற்குத் தேர்வுப் போட்டி வைத்தார்கள். கடைசி ஆட்டத்தை ஜெயித்தவளுக்குச் சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு, பயிற்சி எல்லாம் உண்டு. தோற்றால் தீபிகாவும் விடியற்காலையில் கூடை தூக்க வேண்டியதுதான். தன்னோடு இந்த மீன் கூடை நிற்கட்டும் என்று கோவிந்தம்மா வேண்டாத சாமி இல்லை.

தீபிகாவின் பழைய ஷூவில் அடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. புதுசு வாங்கச் சொல்லிவிட்டார் கோச். அதற்கான பணமும் தயார். தீபிகா போனில் ஒரு மாடலைப் பார்த்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் கடைக்குப் போகலாமா என்று கேட்டாள். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தாள். சிமெண்ட் தரையில் அவளுடைய ஈரக் கால்தடத்தைக் கோவிந்தம்மா குனிந்து பார்த்தாள். அப்படியே பிரசாத்தின் கால்.

“கடைக்கி எதுக்கு? வூட்லயே புதுசு கீது.”

தீபிகாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. “அண்ணனோடதாமா? வேணாம்மா.”

“இன்னா வேணாம்? அவன் ஆசப்பட்டு வாங்கினது. அத்தப் போட்டு நீ ஜெயிச்சா அவனே ஜெயிச்ச மாதிரி.”

“அப்பன்னா ப்ராக்டீஸ்ல ஒரு நாளு போட்டுப் பாத்துடறேன். பழகாத ஷூ போட்டுக்கினு மேட்சுக்குப் போனா கோச்சு திட்டுவாரு.”

“செத்தவனுக்கு வச்சத எச்ச பண்ணி, அப்பறமா அவன் முன்னாடி வைக்கச் சொல்றியா? மேட்ச் அன்னிக்குப் படத்தாண்ட வச்சுக் கும்புட்டுட்டு, அங்க போய் மொதமொதலா போடு. அதுக்கு முன்னாடி கால் படக் கூடாது.”

வலை சரிபார்த்துக்கொண்டிருந்த புருஷன் பக்கிரி தலையைத் தூக்கினான். “அது அவனுது கோயிந்தம்மா. உட்டுடு. புள்ளைக்குப் புதுசு வாங்கிக் குடு.”

“நீ உன் வலையப் பாரு” என்றாள். அவனும் வலையைப் பார்த்தான்.

போட்டி நந்தனத்துப் பக்கம் ஓர் உள்ளரங்கத்தில் நடந்தது. கோவிந்தம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு, வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, மேலே படிக்கட்டு வரிசையில் போய் உட்கார்ந்தாள். மகள் ஆடி அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்பு எப்போதும் வியாபார நேரம். கீழே பாலகணேஷ் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எங்க வாங்கினே? ஒரு நாள் கூட போடாம எடுத்துக்கினு வந்துக்கிறியே, அறிவு கீதா?” என்று கடிந்துகொண்டார். பழைய ஷூவைக் கோவிந்தம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் செய்திருந்தாள். வேறு வழியில்லாமல் தீபிகா அதன் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

அந்த வெள்ளை ஷூ பச்சைத் தரையில் தாவியது, திரும்பியது, சறுக்கி நின்றது. கோவிந்தம்மாவின் கண் அதைவிட்டு நகரவில்லை. ஆறு வருஷமாகப் பூட்டி வைத்தது இப்போது ஓடுகிறது, பாருங்கள். அவளுக்கு அழுகையும் வந்தது, தாங்க முடியாத சந்தோஷமும் வந்தது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் மேலேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். முதல் கேமைத் தீபிகா சுலபமாகவே எடுத்தாள்.

இரண்டாவது கேம் நடுவில் எதிராளிப் பெண் ஆட்டத்தை நிறுத்தித் தரையைக் காட்டினாள். தீபிகா நின்ற இடத்திலெல்லாம் மஞ்சளாக மாவு மாதிரி உதிர்ந்து கிடந்தது. அம்பயர் துடைக்கச் சொன்னார். “ஷூவ மாத்து!” என்று பாலகணேஷ் கத்தினார். மாற்ற என்ன இருக்கிறது? தீபிகா மேலே அம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். சீட்டுக்கு இன்னும் கொஞ்சம் பாயிண்ட்தான் பாக்கி. தலையை ஆட்டிவிட்டு ஆட நின்றாள்.

பின்கோட்டுக்கு உயர்ந்து வந்த இறகுப்பந்தை எகிறி அடித்துவிட்டு இடது காலில் இறங்கினாள். ஷூவின் அடிப்பாகம் தரையோடு நின்றுவிட்டது. மேல்பாகமும் காலும் வேறு பக்கம் போயின. முழங்கால் உள்பக்கமாக மடங்கியதைக் கோவிந்தம்மா பார்த்தாள். மேலே இருந்த அவளுக்கே அந்தச் சத்தம் கேட்டது. தீபிகா போட்ட அலறலில் பக்கத்துக் கோர்ட்டு ஆட்டமும் நின்றுபோனது.

ஆஸ்பத்திரியில் முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும், நடக்கவே மாசக்கணக்காகும், பழையபடி தாவ முடியுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார்கள். கல்லூரிச் சீட்டு எதிராளிக்குப் போனது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவும் முடியாது.

குடியிருப்பில் வாய்கள் சும்மா இருக்குமா? எதிர்வீட்டு ஷீலா கஞ்சி கொண்டுவந்த சாக்கில் ஆரம்பித்து வைத்தாள். “ஆசப்பட்டு வாங்கிப் போடாமலே செத்தவன்க்கா. அவனுக்குன்னு படைச்சத இவ போட்டுக்கினா சும்மா உடுவானா? இழுத்துட்டான்.” கட்டிலில் கிடந்த தீபிகாவின் காதில் அது விழுந்தது. அன்றிலிருந்து அவள் அண்ணன் படம் இருந்த பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. “அந்தப் படத்த எடும்மா” என்றாள் ஒரு நாள். “கண்ண மூடினா அவன்தான் வந்து காலப் புடிக்கிறான்.”

கோவிந்தம்மாவும் ஷீலா சொன்னதைப் பாதி நம்பினாள். நம்பாத பாதிக்கு வேறு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். பிரிந்த ஷூவை ஒரு பையில் போட்டுக்கொண்டு தி.நகருக்கு பஸ் ஏறினாள்.

“இன்னா சாமான்யா விக்கிறே? எம் பொண்ணு கால ஒடச்சிட்டியே, நல்லாருப்பியா நீ?” என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் போட்ட கூச்சலில் சந்தே கூடிவிட்டது. வைரவன் ஷூவை வாங்கி, அடியை நகத்தால் சுரண்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

“எப்ப வாங்கினது தாயி?”

“ஆறு வருசம் ஆவுது. ஆனா ஒரு நாளு கூட போடல. புதுசு! கவர்ல கட்டி, காத்து படாம வச்சிருந்தேன்.”

வைரவன் அவளை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்தார். “ஷூ போடப் போடத்தான் நிக்கும். மூடி வச்சா உள்ளுக்குள்ளயே வெந்து மாவாப் போயிரும், பசை விட்டுரும். அதுலயும் கடக்கரை ஈரம். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. மேட்சுக்கு முன்னாடி ஒரு நாள் போட்டு வாசல்ல நடந்திருந்தாக்கூட பிரிஞ்சிருக்கும். புள்ளைக்கு ஒரு சிராய்ப்போட போயிருக்கும்.”

கோவிந்தம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைரவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது போல. “அன்னிக்கு மோந்து பார்த்து வாங்குனீகளே, அதானே இது? அந்தத் தம்பி எப்படி இருக்கான்?” என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

வழியெல்லாம் யோசித்தாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாமலே விட்டாலும் போதும், ஷீலாவின் பேச்சு அப்படியே நின்றுவிடும். செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் தங்கச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரை பூரா சுற்றின பிள்ளை அவன். அந்தத் தங்கச்சியே அவனைப் பேய் என்று பயப்படுவதை எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்?

வீட்டுக்கு வந்ததும் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “படத்த எடுக்க வேணாம் தீபி. அவன் ஒண்ணும் பண்ணல. ஷூ உள்ளாறயே கெட்டுப் போயிருந்துச்சாம். ஒரு நாளு போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமாம். நீ கேட்ட. நான்தான் உடல. உன் கால ஒடச்சது நான்தான்டீ.”

தீபிகா அழவில்லை. கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அன்னிக்கு நான் பாயிண்ட் எடுக்கறப்பல்லாம் மேலருந்து கத்தினியே, யார் பேர சொல்லிக் கத்தினேன்னு தெரியுமா உனக்கு?”

“உன் பேரத்தான்...” என்று ஆரம்பித்த கோவிந்தம்மா பாதியில் நிறுத்தினாள்.

“பிரசாத்து, பிரசாத்துன்னு கத்தினம்மா. ஹாலே திரும்பிப் பாத்துச்சு. கோச்சு தலையக் குனிஞ்சுக்கினாரு. நான் அன்னிக்கு எப்டி ஆடினேன்னு நீ பாக்கவேல்ல.”

கோவிந்தம்மா அந்த ஆட்டத்தை மனசுக்குள் தேடிப் பார்த்தாள். மகள் கை எப்படி வீசியது, முகம் எப்படி இருந்தது, எதுவுமே வரவில்லை. அவளுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் பச்சைத் தரையில் ஓடின அந்த இரண்டு வெள்ளை ஷூதான்.